மணிவிழா வீட்டில் ஐவருக்கு எடுத்த இரத்த அழுத்தம்: எல்லா வயதுக்கும் ஒரே கோடுதானா?

இரண்டாம்கட்டு (தேவகோட்டை), இழையைத் தொடங்கியவர்

சென்ற வாரம் என் கணவருக்கு மணிவிழா நடந்தது. பெங்களூரில் வேலை செய்யும் என் மகன் தன் அப்பச்சிக்கென்று (அப்பாவுக்கு) மின்னணு இரத்த அழுத்தக் கருவி ஒன்றை வாங்கி வந்திருந்தான். மதிய விருந்து முடிந்து கடைசிப் பந்தியும் எழுந்த பிறகு, பட்டாலையில் கூடியிருந்த நாங்கள் வேடிக்கையாக ஒருவர் பின் ஒருவராகக் கையை நீட்டினோம். 84 வயதான என் மாமியாருக்கு 158/66, 60 வயதான கணவருக்கு 152/84, 54 வயதான எனக்கு 138/88, 34 வயதான மகளுக்கு 138/92, 29 வயதான மகனுக்கு 136/96 என்று வந்ததும் வேடிக்கை நின்றுபோயிற்று.

மாமியார் பன்னிரண்டு ஆண்டுகளாக மாத்திரை சாப்பிடுகிறார். கணவர் ஒரு மாதம் சாப்பிடுவார், மறுமாதம் மறந்துவிடுவார். மகளுக்குத் தலைப்பிரசவத்தின்போது ஏழாம் மாதத்துக்கு மேல் அழுத்தம் ஏறி, முகமும் காலும் வீங்கி, நாள் நிறைவதற்கு முன்பே அறுவை செய்து குழந்தையை எடுத்தார்கள். பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லி அனுப்பினார்கள். மகனுக்கு இதுவரை எவரும் அழுத்தம் பார்த்ததே இல்லை.

அப்போது உறவினர் ஒருவர் தம் சட்டைப்பையிலிருந்து டெல்மிசார்டன் என்ற அழுத்த மாத்திரையின் அட்டையை எடுத்து, தமக்கு இது நன்றாகக் கேட்கிறது என்று கூறி, என் மகளிடமும் ஒரு மாத்திரையை நீட்டினார். நான் தடுத்துவிட்டேன். ஆனால் எதற்காகத் தடுத்தேன் என்பதை விளக்க எனக்குத் தெரியவில்லை. உயர் அழுத்தத்துக்குக் கோடாகச் சொல்லப்படும் 140/90 என்பது பாட்டிக்கும் பேரனுக்கும் ஒரே கோடுதானா என்பதைத் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

பழைய மருந்தாளர் (காரைக்குடி)

ஆச்சி, நீங்கள் தடுத்தது மிகச் சரியான செயல். டெல்மிசார்டன், லோசார்டன், எனலாப்ரில், ராமிப்ரில் ஆகிய மருந்துகள் கருவுற்ற பெண்களுக்குக் கொடுக்கத் தகாதவை. வயிற்றில் வளரும் குழந்தையின் சிறுநீரகத்தை அவை பாதிக்கக்கூடும். உங்கள் மகள் இரண்டாவது குழந்தையைப் பற்றி எண்ணிக்கொண்டிருந்தால், ஒருவேளை அவரே அறியாமல் கருவுற்றிருந்தால், அந்த ஒரு மாத்திரை பழக்கமாகி மாதக்கணக்கில் தொடர்ந்திருந்தால், என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். முப்பத்தெட்டு ஆண்டுகள் மருந்துக்கடையில் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன், 'பக்கத்து வீட்டு அண்ணனுக்குக் கொடுத்த அதே மாத்திரையைக் கொடுங்கள்' என்று கேட்டு வந்தவர்களை எண்ணி மாளாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். விருந்து உண்டு, காபி குடித்து, சுற்றிலும் பத்துப் பேர் பேசிக்கொண்டிருக்க, தரையில் சம்மணமிட்டு அமர்ந்து எடுத்த எண்கள் இவை. ஐந்துமே கணக்கில் சேரா. மாமியாரின் எண் உண்மையில் இதைவிடக் குறைவாகவும் இருக்கலாம், கூடுதலாகவும் இருக்கலாம். முதியவர்களில் சிலருக்குப் பெரிய சாப்பாட்டுக்குப் பின் அழுத்தம் இறங்கிவிடும்.

சிற்றூர் மருத்துவர்

மருந்தாளர் ஐயா சொன்னதிலிருந்தே தொடங்குகிறேன். முதுகு சாயும் நாற்காலியில் அமர்ந்து, பாதங்களைத் தரையில் பதித்து, கையை மேசையின்மேல் நெஞ்சின் உயரத்தில் வைத்து, ஐந்து நிமிடம் பேசாமல் இருந்த பிறகு அளக்க வேண்டும். அதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் காபியோ புகையோ உடற்பயிற்சியோ கூடாது. சிறுநீரை அடக்கிக்கொண்டும் அளக்கக் கூடாது. பட்டை சட்டைக்கையின்மேல் அல்லாமல் வெறும் தோலின்மேல் சுற்றப்பட வேண்டும். பருத்த கைக்குச் சிறிய பட்டையைச் சுற்றினால் எண் பொய்யாக ஏறும். காலையில் இரண்டு முறை, மாலையில் இரண்டு முறை என்று ஏழு நாள்கள் எடுத்து, முதல் நாளை விட்டுவிட்டு மற்றவற்றின் சராசரியைப் பாருங்கள். வீட்டில் எடுக்கும் சராசரிக்குக் கோடு 135/85. மருத்துவமனையில் எடுப்பதற்கு 140/90. மருத்துவரைக் கண்டதும் ஏறுகிறவர்களும் உண்டு, அங்கே சரியாக இருந்து வீட்டில் மட்டும் ஏறுகிறவர்களும் உண்டு.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். நோயை அடையாளம் காணும் கோடு ஏறத்தாழ ஒன்றுதான். 2017-இல் அமெரிக்க இதயவியல் அமைப்புகள் அதை 130/80-க்கு இறக்கின. இங்கு நாங்கள் பெரும்பாலும் 140/90-ஐயே பின்பற்றுகிறோம். ஆனால் கோட்டைத் தாண்டியவரிடம் நான் கேட்கும் முதல் கேள்வி வயதுக்கேற்ப மாறும். இருபதுகளில் உள்ளவரிடம் 'ஏன் வந்தது' என்று கேட்பேன். குழந்தை பெறும் வயதுப் பெண்ணிடம் 'அடுத்த குழந்தை எப்போது' என்று கேட்பேன். ஐம்பதுகளில் உள்ளவரிடம் சர்க்கரையும் கொழுப்பும் புகையும் சேர்ந்திருக்கின்றனவா என்று பார்ப்பேன். எண்பதைக் கடந்தவரிடம் 'அண்மையில் கீழே விழுந்தீர்களா' என்பதுதான் முதல் கேள்வி. உங்கள் மாமியார் விழுந்தாரா, ஆச்சி?

புதுவயல் ஆலைக்காரர்

மன்னிக்க வேண்டும், இந்தக் கோடுகளைப் பற்றி எனக்கு நெடுநாளாக ஐயம் உண்டு. முன்பு 160 வரை பொறுத்தார்கள், பிறகு 140 என்றார்கள், இப்போது 130 என்கிறார்கள். கோடு இறங்க இறங்க மாத்திரை விற்பனை ஏறுகிறது. எங்கள் ஐயா 91 வயது வரை உப்புக்கண்டமும் மாவடுவும் இல்லாமல் சாப்பிட்டதில்லை. ஒருநாளும் கையில் பட்டை சுற்றியதில்லை. எனக்கு 49 வயது. 150/96 என்று ஒரு முகாமில் சொன்னார்கள். தலைவலி இல்லை, கிறுகிறுப்பு இல்லை, மூட்டை தூக்கினாலும் மூச்சு வாங்குவதில்லை. நமது நாட்டு மூலிகை சர்ப்பகந்தா இதற்கென்றே இருக்கும்போது ஆயுள் முழுவதும் ஏன் மாத்திரை விழுங்க வேண்டும்?

பழைய மருந்தாளர் (காரைக்குடி)

ஐயா 91 வரை இருந்தார், மகிழ்ச்சி. அவருடைய வயதுக்காரர்களில் ஐம்பத்திரண்டில் கைகால் விழுந்தவர், நாற்பத்தெட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர் எத்தனை பேர் என்று உங்கள் தெருவிலேயே கேட்டுப் பாருங்கள். நீண்ட நாள் வாழ்ந்தவரைத்தான் நாம் உதாரணம் காட்டுகிறோம். போனவர் உதாரணமாக வருவதில்லை.

சர்ப்பகந்தாவைப் பற்றி நீங்கள் சொன்னதில் பாதி உண்மை. பம்பாயைச் சேர்ந்த இதய மருத்துவர் ருஸ்தம் ஜால் வகீல் 1949-இல் அந்த வேரைக் குறித்து எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான் உலகம் அதைத் திரும்பிப் பார்த்தது. 1952-இல் அதிலிருந்து ரெசர்பின் பிரித்தெடுக்கப்பட்டது. அந்தக் காலத்தில் அது பெரிய மருந்து. ஆனால் மனச்சோர்வு, மூக்கடைப்பு, மிகையான தூக்கம் முதலிய தொல்லைகளாலும், அதைவிட நல்ல மருந்துகள் வந்துவிட்டதாலும் பின்னுக்குப் போயிற்று. வேராகப் பொடித்துச் சாப்பிட்டால் எவ்வளவு மருந்து உள்ளே போகிறது என்பதே தெரியாது. நாட்டு மருந்து என்றதும் நினைவுக்கு வருகிறது: தொண்டைக்கு இதமென்று நாள்தோறும் அதிமதுரம் சாப்பிடுகிறவர்கள் உண்டு, நீண்ட நாள் சாப்பிட்டால் அதுவே அழுத்தத்தை ஏற்றி, பொட்டாசியத்தைக் குறைத்துவிடும்.

சிற்றூர் மருத்துவர்

ஆலைக்காரரே, தலைவலி இல்லை என்பது உங்களுக்கு எந்த உறுதியும் தராது. பெரும்பாலானவர்களுக்கு எந்த அறிகுறியும் இருக்காது. 2002-இல் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வின்படி, 40 முதல் 69 வயது வரை உள்ளவர்களில், மேல் அளவு (முதல் எண்) 20 அல்லது கீழ் அளவு (இரண்டாம் எண்) 10 கூடும் ஒவ்வொரு படிக்கும் பக்கவாதத்தாலும் மாரடைப்பாலும் இறக்கும் வாய்ப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. நீங்கள் அந்த வயதின் நடுவில் இருக்கிறீர்கள். இந்தப் பேச்சில் உள்ள அனைவரிலும் சிகிச்சையால் மிகுதியாகப் பயன் பெறக்கூடியவர்கள் நீங்களும் ஆச்சியின் கணவரும்தான். மாத்திரையைத் தட்டிக்கழிக்கிறவர்களும் நீங்கள் இருவருந்தான் என்பது எனக்குப் பழகிப்போன வேதனை.

கோடு இறங்குவதில் வணிகம் இல்லவே இல்லை என்று வாதாட நான் வரவில்லை. ஆனால் 2015-இல் வெளியான ஸ்பிரின்ட் ஆய்வு அமெரிக்க அரசின் நிதியில் நடந்தது. ஐம்பது வயதுக்கு மேற்பட்ட 9,361 பேரில் ஒரு பாதியினருக்கு மேல் அளவு 120-க்குக் கீழும் மறுபாதியினருக்கு 140-க்குக் கீழும் இலக்கு வைத்தார்கள். 120 குழுவில் இதய, இரத்தக்குழாய்ப் பாதிப்புகள் கால் பங்கு குறைந்ததால் ஆய்வை முன்னதாகவே நிறுத்தினார்கள். அதே குழுவில் மயக்கமும் சிறுநீரகப் பாதிப்பும் கூடுதலாக இருந்தன என்பதையும், சர்க்கரை நோயாளிகளும் முன்பே பக்கவாதம் வந்தவர்களும் அதில் சேர்க்கப்படவில்லை என்பதையும் மறைக்கக் கூடாது.

இரவுப்பணி (காரைக்குடி)

எனக்கு 31 வயது. அமெரிக்க நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே மாலை ஆறு முதல் அதிகாலை மூன்று வரை வேலை செய்கிறேன். ஆச்சியின் மகனைப் போலவே எனக்கும் மேல் அளவு அவ்வளவாக ஏறுவதில்லை, கீழ் அளவுதான் 94, 96 என்று நிற்கிறது. இளம் வயதில் கீழ் அளவு மட்டும் ஏறினால் அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை என்று உடற்பயிற்சிக் கூடத்தில் ஒருவர் சொன்னார். அது சரியா?

சிற்றூர் மருத்துவர்

சரியில்லை, தம்பி. இளமையில் கீழ் அளவு முதலில் ஏறுவது வழக்கந்தான். ஐம்பது, ஐம்பத்தைந்துக்குப் பிறகு பெரிய தமனிகள் விறைத்துப் போவதால் மேல் அளவு ஏறிக்கொண்டே போகும், கீழ் அளவு இறங்கத் தொடங்கும். ஆச்சியின் மாமியாருக்கு 158/66 என்று வந்ததை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 'கீழ் அளவு நன்றாகத்தானே இருக்கிறது' என்று முதியவர்கள் ஆறுதல் அடைவதும், 'மேல் அளவு பரவாயில்லையே' என்று இளைஞர்கள் ஆறுதல் அடைவதும் ஒரே பிழையின் இரண்டு பக்கங்கள்.

உங்கள் வயதில் நான் தேடுவது காரணத்தை. குறட்டை விட்டு, இடையிடையே மூச்சு நின்று விழிக்கிறீர்களா? வலி மாத்திரை அடிக்கடி சாப்பிடுகிறீர்களா? மூக்கடைப்பு மாத்திரை, தசை வளர்க்கும் பொடி, ஸ்டீராய்டு, மது இவற்றில் எது உண்டு? கிரியேட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் இரத்தப் பரிசோதனை), பொட்டாசியம், சிறுநீரில் புரதம், தைராய்டு இவற்றைப் பார்க்க வேண்டும். நாற்பதுக்குள் உறுதியாக உயர் அழுத்தம் இருப்பவரிடம் சிறுநீரக இரத்தக்குழாய் சுருக்கம், அட்ரினல் சுரப்பியின் மிகைச்சுரப்பு போன்றவற்றை நினைத்துப் பார்க்காமல் மாத்திரை எழுதுவது அவசர வேலை. ஒருமுறை இரண்டு கைகளிலும் அளந்து பாருங்கள். பெரிய வேறுபாடு இருந்தால் அதுவே ஒரு தடயம். காரணம் எதுவும் கிடைக்கவில்லை என்றால் எடையும் உறக்கமும் உப்பும் நம் கையில் உள்ளவை. மூன்று முதல் ஆறு மாதம் முயன்றும் இறங்காவிட்டால் மாத்திரைக்குத் தயங்க வேண்டாம்.

பள்ளத்தூர் மருமகள்

உப்பு என்றதால் கேட்கிறேன். எங்கள் வீட்டில் இரண்டு ஆண்டுகளாக இந்துப்புதான் பயன்படுத்துகிறோம். அது அழுத்தத்துக்கு ஆகும் என்று நம்பிக் குறைக்காமலே போடுகிறோம். குழம்பில் குறைத்தால் வீட்டில் சண்டை வருகிறது.

பழைய மருந்தாளர் (காரைக்குடி)

இந்துப்பும் பெரும்பகுதி சோடியம் குளோரைடுதான், அம்மா. நிறமும் விலையுந்தான் வேறு. உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பது ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பு, அதாவது தலைதட்டிய ஒரு தேக்கரண்டிக்குள். அதில் குழம்புக்கு எவ்வளவு, வெண்டைக்காய் மண்டிக்கு எவ்வளவு என்று பங்கிட்டுப் பார்த்தால், ஊறுகாயும் அப்பளமும் மோர்மிளகாயும் வருவதற்கு முன்பே கணக்கு முடிந்துவிடும். என் அனுபவத்தில் குழம்பில் கைவைப்பது கடைசி வேலையாக இருக்கட்டும். இலையின் ஓரத்தில் இருப்பதை முதலில் எடுங்கள்: ஊறுகாய், வற்றல், கருவாடு, உப்புக்கண்டம், தனியாக வைக்கும் உப்பு. மாலையில் தேன்குழலும் சீப்புச் சீடையும் கொறிப்பது இரண்டாவது. இவற்றைக் குறைத்தபின் குழம்பின் உப்பைச் சிறிது சிறிதாக இறக்கினால் சில வாரங்களில் நாக்கு பழகிவிடும், சண்டை வராது. கோசமல்லிக்குப் புளியும் பச்சைமிளகாயும் இருக்கும்போது உப்புக் குறைந்தது எவருக்கும் தெரியாது என்பது என் வீட்டில் சோதித்த உண்மை.

பொட்டாசியம் கலந்த மாற்று உப்பும் கடைகளில் வருகிறது. 2021-இல் வெளியான சீன ஆய்வில், 600 கிராமங்களில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் சோதித்தபோது பக்கவாதம் 14 விழுக்காடு குறைந்தது. ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், டெல்மிசார்டன் போன்றவற்றைச் சாப்பிடுகிறவர்களும் இரத்தப் பரிசோதனையும் மருத்துவர் ஒப்புதலும் இல்லாமல் அதைத் தொடக் கூடாது. தினமும் இளநீர் குடிப்பதற்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

கடல்கடந்தவன் (கோட்டையூர், இப்போது சிங்கப்பூர்)

முதியவர்களைப் பற்றி ஒரு செய்தியைப் பதிய விரும்புகிறேன், ஏனெனில் நம் பக்கத்தில் பெரிய வீட்டில் தனியாக இருக்கும் பெற்றோர் பலருக்கும் இது நேரலாம். என் ஆத்தாவுக்கு 79 வயது. அழுத்தத்துக்கு அம்லோடிபின் கொடுத்தார்கள், கணுக்கால் வீங்கியது. வீக்கத்துக்கு வேறொரு மருத்துவமனையில் நீர் மாத்திரை எழுதினார்கள். அம்லோடிபினாலேயே கால் வீங்கும் என்று அங்கு எவரும் கேட்கவில்லை. அழுத்தம் இருக்கிறது என்று நாங்களும் தொலைபேசியில் 'உப்பைத் தொடாதே' என்று சொல்லிக்கொண்டே இருந்தோம். மூன்றாம் வாரம் சமையல் செய்யும் அம்மா அழைத்து, ஆத்தா பெயர்களை மாற்றிச் சொல்கிறார், முகப்பில் உட்கார்ந்துகொண்டு எந்த ஊர் என்று கேட்கிறார் என்றார். இரத்தத்தில் சோடியம் மிகவும் இறங்கியிருந்தது. நான்கு நாள் மருத்துவமனையில் இருந்து தெளிந்து வந்தார். அழுத்தத்தைக் கட்டுப்படுத்தத்தான் வேண்டும். ஆனால் முதியவருக்குப் புதிய மாத்திரை ஒன்று சேரும்போது, முன்பு கொடுத்த மாத்திரை செய்த வேலைக்குத்தான் இந்த மருத்துவமோ என்று ஒருவராவது கேட்க வேண்டும்.

வாசல்தோறும் (கிராம சுகாதாரத் தன்னார்வலர்)

2021 ஆகஸ்டு 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் நான் பணிபுரிகிறேன். வீடு வீடாகச் சென்று அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து, தொடர்ந்து சாப்பிடுகிறவர்களுக்கு மாத்திரை கொடுக்கிறோம். நான் அன்றாடம் காண்பது இது: அரசு மாத்திரை ஒரு டப்பாவில், தனியார் மருத்துவர் எழுதியது இன்னொரு டப்பாவில், சென்னையிலிருந்து மகன் அனுப்பியது மூன்றாவது டப்பாவில் இருக்கும், மூன்றிலும் ஒரே மருந்து வெவ்வேறு பெயரில் இருக்கும். தயவுசெய்து நாங்கள் வரும்போது எல்லா டப்பாக்களையும் எடுத்துக் காட்டுங்கள். மருந்து மறைத்தால் அளவு மட்டும் பார்த்து எங்களால் எதையும் சொல்ல இயலாது.

பாதயாத்திரைக்காரர்

வயது 61. டெல்மிசார்டனும் நீர் மாத்திரையும் சேர்ந்த ஒரே மாத்திரையைச் சாப்பிடுகிறேன். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடப்பவன். வழியில் அடிக்கடி சிறுநீர் கழிக்க வேண்டியிருப்பதால் நடக்கும் நாள்களில் மாத்திரையை நிறுத்திவிடலாமா?

சிற்றூர் மருத்துவர்

நீங்களாக நிறுத்த வேண்டாம். புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பு உங்கள் மருத்துவரிடம் சென்று, அந்த நாள்களுக்கு அளவை மாற்ற வேண்டுமா என்று கேளுங்கள். உங்களுக்கு நான் சொல்ல விரும்பும் முதன்மையான எச்சரிக்கை வேறு. இரவு தங்குமிடங்களில் கால்வலிக்கு டைக்ளோபினாக் போன்ற வலி மாத்திரைகளை எளிதாகக் கைமாற்றிக்கொள்வார்கள். நீங்கள் சாப்பிடும் இரண்டு மருந்துகளோடு அது சேர்ந்து, உடலில் நீரும் குறைந்திருந்தால், சிறுநீரகம் திடீரெனப் பழுதாகக்கூடும். வலிக்குப் பாரசிட்டமால் போதும், அதுவும் அளவோடு.

புதுவயல் ஆலைக்காரர்

நான் வாதத்திலிருந்து பின்வாங்கவில்லை. ஆனாலும் நேற்றிலிருந்து மருத்துவர் சொன்னபடி அளக்கத் தொடங்கியிருக்கிறேன். ஒரு கேள்வி: எண்பது வயதுக்கு மேல் விட்டுவிட வேண்டியதுதானே? அந்த வயதில் எதற்கு மாத்திரை?

சிற்றூர் மருத்துவர்

நாங்களும் ஒருகாலத்தில் அப்படித்தான் நினைத்தோம். 80 வயதைக் கடந்த 3,845 பேரிடம் நடத்திய ஹைவெட் ஆய்வு 2008-இல் வெளியானபோது அந்த எண்ணம் மாறிற்று. 150/80 என்ற மிதமான இலக்கோடு மருந்து கொடுத்ததில் இறப்பு 21 விழுக்காடு குறைந்தது. இதயச் செயலிழப்பு அதைவிடப் பெரிய அளவில் குறைந்தது. ஆனால் அதில் கலந்துகொண்டவர்கள் தம் வயதினரை விட உடல்நலத்தோடு இருந்தவர்கள். நடந்து கோயிலுக்குப் போய்வரும் 84-ம், பிறர் கைபிடித்து முற்றத்தைக் கடக்கும் 84-ம் ஒன்றல்ல. முன்னவருக்கு மருந்து பயன் தரும். பின்னவருக்கு, ஒரு மாத்திரையைக் குறைப்பதே சில வேளைகளில் சிறந்த சிகிச்சை.

இரண்டாம்கட்டு (தேவகோட்டை), இழையைத் தொடங்கியவர்

ஏழு நாள் கணக்கை எழுதுகிறேன். நாற்காலியைப் பட்டாலையின் மூலையில் போட்டு, அருகில் எவரும் பேசக் கூடாது என்று சட்டம் வைத்தேன். எனக்கு 124/78 தான் வந்தது. இருப்பினும் மாதவிடாய் நின்றபின் அழுத்தம் ஏறுவது இயல்பு என்று மருத்துவர் சொன்னதால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பதாக இருக்கிறேன். கணவருக்கு 148/82; ஒரே மாத்திரையில் இரண்டு மருந்து குறைந்த அளவில் சேர்ந்ததைத் தொடங்கியிருக்கிறார்கள். சர்க்கரையும் எல்லையில் இருக்கிறது. மாத்திரை அட்டையைப் பல் துலக்கும் இடத்தில் வைத்துவிட்டேன், இனி மறக்க வழியில்லை.

மகளுக்கு 128/84. கர்ப்பக்கால அழுத்தம் வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் இதயநோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரட்டிப்பு என்பதையும், ஆண்டுதோறும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதையும் இப்போதுதான் முதன்முறையாக ஒருவர் அவளிடம் சொல்லியிருக்கிறார். அடுத்த கருவை உறுதி செய்தவுடனே சொல்ல வேண்டும் என்றும், பன்னிரண்டாம் வாரம் முதல் குறைந்த அளவு ஆஸ்பிரின் தேவைப்படும் என்றும், அழுத்தத்துக்கு மருந்து வேண்டியிருந்தால் லாபெட்டலால் போன்ற பாதுகாப்பானவற்றையே கொடுப்பார்கள் என்றும் மகப்பேறு மருத்துவர் எழுதிக் கொடுத்தார்.

மருத்துவர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். ஆம், மாமியார் இந்த ஆண்டில் இரண்டு முறை விழுந்தார். இரண்டுமே அதிகாலையில் கட்டிலிலிருந்து எழுந்து வளவுக்கு இறங்கும் படியில். வழுக்கிவிட்டது என்று அவர் சொன்னதை நாங்கள் நம்பிவிட்டோம். உட்கார்ந்தபடி 142/64, எழுந்து நின்ற இரண்டாம் நிமிடம் 114/58. அவருடைய மருத்துவர் மாத்திரை ஒன்றை நிறுத்தி, மற்றொன்றின் அளவைப் பாதியாக்கியிருக்கிறார். கட்டிலின் விளிம்பில் காலைத் தொங்கவிட்டு இரண்டு நிமிடம் உட்கார்ந்த பிறகே எழ வேண்டும் என்று சொன்னார். என் மாமியார் அதற்கு, எண்பத்து நான்கு வயதில் எழுந்திருக்க எனக்குச் சொல்லித்தர வேண்டுமா என்று கேட்டார், ஆனால் உட்காருகிறார்.

மகனுக்கு 132/94. இரத்தப் பரிசோதனைக்கு அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிக்கொண்டே இருக்கிறான்.

இரவுப்பணி (காரைக்குடி)

ஆச்சி, அவரை என்னிடம் பேசச் சொல்லுங்கள். நான் நேற்றுக் கொடுத்துவிட்டேன். கிரியேட்டினின் சரியாக இருக்கிறது. சிறுநீரில் புரதம் கொஞ்சம் இருப்பதால் வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள்.